பெட்டைக்கு ஒரு பேர்

மீசையில் மரத்தூளோடு தச்சர் கொல்லையில் நின்று வாய்க்கு வந்த பேரையெல்லாம் கூவிப் பார்க்கிறார். பத்து நாளைக்கு முன் வாங்கி வந்த பெட்டை வேட்டை நாய், முன்னங்கால்களில் மோவாயை வைத்து நிழலில் கிடக்கிறது. "மின்னல்!" காதுகூட அசையவில்லை. "ராணி! ராணி!" பறக்கிற ஈயைக் கடிக்கப் பார்க்கிறது. "காட்டுக்குள்ள முயல் பின்னாடி ஓடுறப்ப எதைச் சொல்லிக் கத்துறது? செவிட்டு முண்டம்!" கையிலிருந்த தோல்வாரைத் தரையில் ஓங்கி அடிக்கிறார், புழுதி எழும்புகிறது. பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, தினமும் நாய்க்குச் சோறு வைக்கச் சொல்லும் அதே குரலில், "ஏய்! தண்ணி கொண்டா!" நாய் துள்ளி எழுந்து ஓடிவந்து வாலாட்டுகிறது. செம்போடு வந்த மனைவி படியிலேயே நின்றுவிடுகிறாள். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியா, பேரு கிடைச்சிருச்சு! இருபத்திரண்டு வருஷமா உனக்கு ஒத்துப்போன பேருதானே!" அவள் செம்போடு இறங்கி வந்து நாயின் தட்டில் கடைசிச் சொட்டுவரை ஊற்றுகிறாள். "கூப்பிட்டது இவளைத்தானே, குடிக்கட்டும். எனக்கும் எங்கப்பா ஒரு பேரு வச்சாரு. அது ஞாபகம் வர்றப்ப கூப்பிடுங்க, வர்றேன்." அடுக்களைக் கதவு படீரென்று சாத்திக்கொள்கிறது. "ஏய்!" என்று அவர் கத்துகிறார். தண்ணீர் சொட்டும் வாயோடு நாய் நிமிர்ந்து பார்க்கிறது.