கொல்லை அறை ஜன்னல்

உத்திரமேரூரிலிருந்து சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரை வீட்டுக்குக் குடும்பத்தோடு வந்து இறங்கியதுமே, மூத்த மருமகள் பெருந்தேவி தூரமாகிவிட்டாள்.

"வருஷா வருஷம் இங்கே வந்துதானா? கண்றாவி!" மாமியார் மூக்கைச் சுளித்தாள். "கொல்லை அறைக்குப் போ. யார்மேலயும் பட்டுடாதே!"

மூன்றாம் நாள், எச்சில் இலைகளைக் கொட்டக் கொல்லைக்கு வந்த இளைய மருமகள் நாமகிரி, அந்த அறை வாசலில் நின்றாள். முழங்கைவரை குழம்பு வழிந்தது.

"அத்தனை பேருக்கும் நான் ஒருத்தியே வடிச்சுக் கொட்டறேன், மன்னி. நாளைக்கு ஊருக்குக் கிளம்பணும். இன்னும் கடலைக் கண்ணால பாக்கலை. இந்த நாத்தம்தான் மிச்சம்."

"கல்யாணமான புதுசில நானும் பாக்கலை." பெருந்தேவி ஜன்னலை அகலத் திறந்தாள். வெளியே முழுக் கடலும் தெரிந்தது. "எனக்குப் போன வாரமே ஊரில முடிஞ்சாச்சு, நாமு."

நாமகிரி அலைகளையே பார்த்தபடி நின்றாள். பிறகு கையை உதறிவிட்டு மாமியாருக்குக் குரல் கொடுத்தாள்.

"அம்மா! நானும் தூரம்!"