வைட்டமின் ஊசி

இன்பவல்லிக்கு மார்பு நீச்சலில் தேசியப் பதக்கம் மட்டும் பாக்கி. முகாமில் பயிற்சியாளர் சாம்ராஜ் வாரந்தோறும் அவளுக்கு ஊசி போட்டார். "வெறும் வைட்டமின்தாம்மா." நூறு மீட்டரில் இரண்டு விநாடி குறைந்தது. மாதவிடாயும் நின்றது, வெளியே சொன்னால் முகாமிலிருந்து அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து மறைத்தாள்.

இறுதிப் போட்டியன்று காலை, முகாம் அலுவலகத் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசினாள்.

"அம்மா, நான்தாம்மா."

"யாரு தம்பி பேசறது?"

அவள் ரிசீவரை மெல்ல வைத்துவிட்டாள்.

அன்று சுவரை முதலில் தொட்டவள் அவள்தான். கைதட்டலுக்கு நடுவே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சிறு பாட்டிலோடு ஒரு பெண் அதிகாரி அருகில் வந்தார்.

"வாம்மா, ஊக்கமருந்து டெஸ்டுக்கு யூரின் சாம்பிள் குடுக்கணும்."

அவள் பயிற்சியாளரைத் தேடினாள். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.