இரண்டு ஓட்டை அடாப்டர்

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் லேப்டாப்போடு மனைவிக்குப் போன் போட்டார் அவர்.

"ஏம்மா, கட்டை விரல் நீளத்துல கறுப்பா ஒண்ணு லேப்டாப்புல சொருகியிருக்கு. என்ன கருமம்னே தெரியல. ஹெட்போன்ல சத்தமே வரமாட்டேங்குது."

"அதுக்கு ஏன் திருடன் மாதிரி கிசுகிசுக்கிறீங்க? அதுல எத்தனை ஓட்டை இருக்கு?"

"ரெண்டு."

"அப்ப அது ஆடியோ அடாப்டர். ஹெட்போன் எந்த ஓட்டையில இருக்கு?"

"மைக் படம் போட்டதுல."

"அதுல சொருகினா எப்படிங்க கேக்கும்? மாத்துங்க."

மாற்றினார். ஊஹூம்.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "ஆச்சா? பத்து நிமிஷத்துல க்ளாஸ் ஆரம்பிக்கணும்!"

"ஆச்சு, ஆச்சு!" என்று குரல் கொடுத்துவிட்டு, மறுபடி போனில் கெஞ்சினார். "என் மானம் உன் கையிலதான் இருக்கு, தாயே!"

"பதறாதீங்க. கீழே மூலையில ஸ்பீக்கர் படத்தை அமுக்குங்க. என்ன வருது?"

"லேப்டாப் ஸ்பீக்கர்னு ஒண்ணு, யூஎஸ்பி ஆடியோன்னு ஒண்ணு."

"ரெண்டாவதை அமுக்குங்க."

ஹெட்போனில் பாட்டு அருவியாய்க் கொட்டியது.

கதவைத் திறந்து, லேப்டாப்பைக் கம்பீரமாக நீட்டினார். "சின்னக் கோளாறுதான் டீச்சர். தனியா, அமைதியா உட்கார்ந்து பார்த்தாத்தான் பிடிபடும்."

"நேத்து வந்த மெக்கானிக் புது லேப்டாப் வாங்கச் சொல்லிட்டுப் போயிட்டார் சார்! நீங்கதான் கெட்டிக்காரர். உங்க கார்டு ஒண்ணு கொடுங்க" என்றார் பாட்டு டீச்சர்.

'வீடு தேடி வரும் லேப்டாப் டாக்டர்' என்று அச்சடித்த கார்டை எடுத்தவர், ஒரு கணம் யோசித்தார். தன் எண்ணுக்குக் கீழே மனைவியின் எண்ணையும் எழுதிக் கொடுத்தார்.

"ரொம்பச் சிக்கல்னா இதுல கூப்பிடுங்க டீச்சர். இது எங்க தலைமை ஆபீஸ்."