ஏழாம் மாதத்து டிறில்

முன்கதவைச் சாத்திவிட்டு, நடராசா வாத்தியார் ஐந்து கொத்து நெல்லைத் தலையணை உறைக்குள் கொட்டி வாயைக் கட்டினார்.

அதை வயிற்றில் வைத்து, மனைவியின் பழைய சேலையால் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினார்.

உருத்திரபுரத்துப் பள்ளிக்கூடத்தில் டிறில், அதாவது உடற்பயிற்சி, பழக்குகிறவர் அவர். நாற்பது வயதாகியும் தொந்தி என்ற ஒன்று வைக்காத மனிதர். அன்றைக்குத்தான் வைத்தார்.

எல்லாம் மருத்துவிச்சி பத்மாசனி எழுதிக் கொடுத்த தாளால் வந்த வினை.

புதன்கிழமை சைக்கிளில் வந்தவர், கர்ப்பிணிகள் செய்யவேண்டிய நாலு பயிற்சிகளை எழுதி வாத்தியாரின் மனைவி இராசமலரிடம் கொடுத்தார். இடுப்பு நோவு குறையும், பிள்ளைப்பேறும் லேசாகும் என்றார். இராசமலர் தாளை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

கேட்டால், "பிறகு பாப்பம்" என்பாள். தொட்டிலுக்கு மரம் பார்க்கட்டுமா என்றாலும் அதே பதில்தான்.

தானே பழக்கிவிடலாம் என்று வாத்தியார் முடிவு கட்டினார். ஆனால் ஏழு மாத வயிற்றுக்கு எது ஏலும், எது ஏலாது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்குத்தான் நெல்.

பள்ளிக்கூடத்தில் தான் பழக்குகிற பயிற்சியை முதலில் செய்து பார்த்தார். மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் சேர்த்து உயர்த்தியதும் முதுகு பிளந்துவிடும்போல் இருந்தது. தாளின் ஓரத்தில் பென்சிலால் "வேண்டாம்" என்று எழுதினார்.

தாளில் இருந்தபடி கையையும் முழங்காலையும் ஊன்றிப் பூனை மாதிரி முதுகை வளைத்தார். இடுப்பு நாரிக்கு இதமாக இருந்தது. "நல்லது."

மறுபடி மல்லாந்து, முழங்காலை மடக்கி, இடுப்பை உயர்த்தி இறக்கினார். அதுவும் சரிதான்.

எழும்பப் பார்த்தார். முடியவில்லை.

உன்னிப் பார்த்தார். கைகளும் கால்களும் மட்டும் மேலே போய் வந்தன.

வாய்க்காலில் தண்ணீர் நிற்பாட்டியிருந்ததால், குளிக்கப் போன இராசமலர் பாதி வழியில் திரும்பிவிட்டாள். முன்கதவைச் சாத்தியவர் பின்பக்கக் குசினிக் கதவை மறந்துபோயிருந்தார்.

அவள் வாசலில் நின்றாள். சேலையைப் பார்த்தாள். தொந்தியைப் பார்த்தாள்.

பிறகு சிரித்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்தாள்.

"சிரிக்காமல் தூக்கிவிடுமப்பா!"

"சரிஞ்சு படுங்கோ. முழங்கையை ஊண்டி மெல்ல எழும்புங்கோ. நான் ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான் எழும்புறன்."

சொன்னபடி செய்தார். எழும்பிவிட்டார். பென்சிலைத் தேடி அதையும் தாளில் எழுதிக்கொண்டார். அதைக் கண்டு அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது.

சட்டென்று நிறுத்தினாள். வயிற்றில் கை வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, உள்ளை இருக்கிறவரும் சிரிக்கிறார்போலை. உதைக்கிறார்."

நடராசா எழுதுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்.

அந்த வீட்டிலிருந்து இரண்டு குழந்தைகளை, பெயர் வைக்கவும் நாளில்லாமல், கையில் ஏந்திக்கொண்டு இடுகாட்டுக்குப் போனவர் அவர். அதற்குப் பிறகு தரித்த இந்தப் பிள்ளையைப் பற்றி, இந்த ஏழு மாதத்தில் அவள் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

இராசமலர் பாயில் மெல்ல உட்கார்ந்து, சரிந்து படுத்தாள்.

"ம். சொல்லுங்கோ வாத்தியார். முதல் எது?"