நாற்பது முட்டை கேக்

"நாப்பது முட்டையும் போட்டியா?" என்று அதட்டினார், வெள்ளைத் தொப்பி அணிந்த எஜமானி.

"எண்ணிப் போட்டேன், மேடம்" என்றாள், கேக்கை ஏந்தி நின்ற கோரா.

"வெண்ணெய்ல வெள்ளைக்கருவை ஒவ்வொரு ஸ்பூனாத்தானே சேர்த்த? போன தடவை ஒருத்தி மொத்தமா கொட்டி, கல்லு மாதிரி கொண்டுவந்து வெச்சா. ஜனாதிபதி பொறந்தநாளும் அதுவுமா, வந்தவங்க முன்னாடி என் மானமே போச்சு!"

"இந்தத் தடவை போகாது, மேடம்."

கோரா கேக்கை வெட்டியதும் எஜமானியின் குரல் தணிந்தது. "முதல் துண்டை என் பொண்ணுக்குக் கொண்டுபோய்க் கொடு. அவளுக்கும் இன்னிக்குத்தான் பொறந்தநாள். ஒரு வருஷம்கூட நான் பக்கத்துல இருந்ததில்ல. ஜன்னல்லயே நின்னு வழி பார்த்துக்கிட்டிருப்பா, பாவம்."

துண்டை எடுத்துக்கொண்டு கோரா வராந்தாவுக்கு வந்தாள்.

எதிரே வந்த நர்ஸ் கேட்டாள்: "இன்னிக்காவது உங்கம்மாவுக்கு உங்களை அடையாளம் தெரிஞ்சுதா?"

இல்லை என்று தலையாட்டினாள் கோரா. வர்ஜீனியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் முப்பது வருடம், நாட்டின் முதல் ஜனாதிபதியின் மனைவியாக வேடம் போட்டவர் அம்மா. இந்த முதியோர் இல்லத்துக்கு வந்தபின் அந்த வேடம் மட்டும்தான் அவருக்கு மிஞ்சியிருந்தது.

நாலே முட்டை போட்டுச் செய்த அந்தக் கேக் துண்டை, கோரா அங்கேயே நின்று அழுதபடி தின்று முடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"கொடுத்துட்டியா? என் மேல ரொம்பக் கோவமா இருக்காளா?"

"இருந்தா, மேடம். உங்களுக்கு அவ முகம் மறந்துபோற வரைக்கும்."