வாசனை இல்லாத வாயு

படுக்கையறை வாசலில் முக்காலிமேல் நின்று, கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு பரவினால் எச்சரிக்கும் அலாரத்தைச் சுவரில் மாட்டுகிறாள் அண்ணி. சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அது வீலென்று கத்தி அடங்குகிறது. "காது கிழியுதே!" என்று சிரிக்கிறான் அண்ணன். குளியலறையில் கேஸ் ஹீட்டர் உறுமுகிறது, தங்கை குளித்துக்கொண்டிருக்கிறாள். சற்று நேரத்தில், யாரும் தொடாமலே, அலாரம் மறுபடி கத்துகிறது. சிவப்பு விளக்கு துடிக்கிறது. அண்ணன் மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறான். "ஒரு வாசனையும் வரலையே?" "ஹீட்டர்லேருந்து வர்ற இந்த வாயுவுக்கு வாசனையே கிடையாதுங்க," என்கிறாள் அண்ணி. "அவளைக் கூப்பிடுங்க, எல்லாரும் வெளிய போகணும்!" அவன் குளியலறைக் கதவை இடிக்கிறான். மூவரும் தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். போர்வை சுற்றிய தங்கையின் தலையில் சோப்பு நுரை வெயிலில் மினுங்குகிறது. மூச்சை நன்றாக இழுத்துவிட்டு அவள் கேட்கிறாள்: "அண்ணி, ஒரு வாரமா குளிச்சாலே எனக்குத் தலை சுத்துது. இதனாலதானா?"