சிப்பி ஒட்டாத இடம்

கடலில் இறக்கும் பலகையில் ஒரு மாதத்தில் எத்தனை கொட்டலசுச் சிப்பிகள் ஒட்டும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் பிரதீபாவின் ஆராய்ச்சி. 1997 மார்ச்சில், மாமல்லபுரத்துக்கு அப்பால், முதல் பலகையைப் படகோட்டி தேசப்பன் வெளியே இழுத்தார். கணித்ததைவிட எண்பது சிப்பிகள் குறைவாக இருந்தன. பலகையின் இரு ஓரங்களிலும் ஐந்து விரல்களின் வடிவில் சிப்பியே ஒட்டாத இடம் இருந்தது.

"மாசம் பூரா யாரோ புட்ச்சிகினு இருந்துக்கீறாங்கம்மா," என்றார் தேசப்பன்.

பிரதீபா அடுத்த பலகையின் கயிற்றைக் காட்டினாள். "அடுத்த பலகையையும் இழுங்க."

கயிறு அசையவில்லை. பிறகு, கீழேயிருந்து யாரோ இழுப்பதுபோல் படகு சாய்ந்தது.

"அறுத்துடுங்கண்ணே!" என்று அலறினாள்.

தேசப்பன் கயிற்றை அறுத்துவிட்டு என்ஜினை முடுக்கினார். கல் கட்டிய அந்தப் பலகை மூழ்கவில்லை. நிமிர்ந்து நின்றபடி, படகின் பின்னாலேயே கரைவரை வந்தது.